கப்பலுக்குப் போகிற பிள்ளைக்குப் பயிற்சி எதற்கு? ரங்கூனில் நான் பழகிய நாட்கள்

கேள்வி: 9 ஜூன் 2019, தட்டோன் பக்கத்து வாசகர்

அண்ணே, என் அக்கா மகன் பத்தாவது முடித்துவிட்டுக் கப்பலுக்குத்தான் போவேன் என்று நிற்கிறான். ரங்கூனில் பயிற்சிக்கும் சிடிசி என்கிற கப்பலாளி அடையாளப் புத்தகம் எடுக்கவும் நிறையச் செலவு சொல்கிறார்கள். கப்பலில் ஓடிவிட்டு வந்த ஒருவரைக் கேட்டேன். "பயிற்சி எல்லாம் காகிதத்துக்காக. வேலை கப்பலில் போய்த்தான் பழகும்" என்றார். நீங்கள் 20 வருஷத்துக்கு மேல் ஓடியவர். உண்மையா, சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

அவர் சொன்னதில் பாதி சரி, தம்பி. துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, தளம் கழுவுவது எல்லாம் கப்பலில்தான் பழகும். சுக்கான் பிடிப்பதும் அப்படித்தான். கரையில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் முதல் நாள் கப்பல் பாம்பு மாதிரி வளைந்துதான் போகும்.

ஆனால் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது, புகைக்குள் எப்படி நடப்பது, எந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது என்பதெல்லாம் கப்பலில் போய்ப் பழகுகிற காரியம் இல்லை. அங்கே அது நடந்தால் ஒரே தடவைதான் நடக்கும்.

நான் சேர்ந்தது 1991இல். 1988இல் பல்கலைக்கழகங்களை மூடினார்கள், ஆண்டுக்கணக்கில் திறக்கவில்லை. எங்கள் வயதுப் பையன்கள் காலையிலிருந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கப்பலுக்குப் போனால் டாலரில் சம்பளம் என்ற பேச்சு ஊர் முழுக்க இருந்தது. எங்கள் ஊர் சிரியம், ரங்கூனுக்கு ஆற்றின் மறுகரை. சிரியம் பாலம் அப்போது இல்லை, 1993இல்தான் திறந்தார்கள். விடியற்காலையில் பெகு ஆற்றைப் படகில் தாண்டி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போவேன். மூன்று மாதம். முடிவில் நாலு சான்றிதழ் கையில் கொடுத்தார்கள்.

கரண்ட் போய்விட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

10 ஜூன், காலை

ஒரு திருத்தம். நேற்று நாலு சான்றிதழ் என்று எழுதினேன். தப்பு. பெட்டியைத் திறந்து பார்த்தேன். 1991இல் எனக்குக் கிடைத்தவை இரண்டு: ஒன்று உயிர்காப்புப் படகுக்கு, ஒன்று தீயணைப்புக்கு. உயிர் பிழைக்கும் முறை, தீயணைப்பு, முதலுதவி, சொந்தப் பாதுகாப்பு என்று நாலும் சேர்ந்து எல்லாருக்கும் கட்டாயமானது எஸ்டிசிடபிள்யூ என்கிற கப்பலாளிப் பயிற்சிக்கான உலக ஒப்பந்தத்தில் 1995இல் செய்த திருத்தத்துக்கு அப்புறம். அது நடைமுறைக்கு வந்தது 1997 பிப்ரவரியில். நான் லீவில் வந்து மிச்ச இரண்டையும் எடுத்தேன். இப்போது அதிலும் தீயணைப்பையும் உயிர் பிழைக்கும் முறையையும் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் மருமகனுக்கு இந்த நாலும் இல்லாமல் எந்தக் கப்பலும் ஏற முடியாது. ஆகவே போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. எங்கே, யாரிடம் என்பதுதான் கேள்வி.

11 ஜூன்

தண்ணீரில் குதித்ததைச் சொல்கிறேன்.

மேடை பத்தடி உயரம் இருக்கும். உயிர்காப்புச் சட்டையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். ஆற்றோரத்தில் வளர்ந்த பையன்கள்தான், எல்லாருக்கும் நீச்சல் தெரியும். அதனாலேயே சயா, எங்கள் வாத்தியார், எங்களிடம் அதிகம் கத்தினார். நீச்சல் தெரிந்தவன் தலைகீழாகப் பாய்வான், அல்லது எகிறிக் குதிப்பான். அப்படிக் குதித்தால் தண்ணீர் சட்டையை மேலே தள்ளும், சட்டை தாடையில் இடிக்கும். உயரம் அதிகமானால் கழுத்தே முறியும். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்த வேண்டும். மற்றக் கையைக் குறுக்கே போட்டுச் சட்டையை மேலிருந்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். கால் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். கண் நேரே பார்க்க வேண்டும், கீழே பார்க்கக் கூடாது. அப்புறம் குதிக்காமல் ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கீழே பார்க்காதே என்று சொன்னால் பார்க்கத்தான் தோன்றும். என் முன்னால் நின்ற மோல்மேன் ஊர்ப் பையன் குனிந்து பார்த்தான். சயா அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "அங்கே அரசமரம் தெரிகிறதா? அதில் எத்தனை காக்கை, எண்ணு" என்றார். அவன் வாய்விட்டு எண்ணிக்கொண்டே எட்டு வைத்தான். நாலு என்று சொல்லும்போது தண்ணீருக்குள் போய்விட்டான். மேலே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஐந்தாவதும் இருக்கிறது சயா!" என்றான். எங்கள் எல்லாருக்கும் பயம் விட்டுப்போனது அந்தக் காக்கையால்தான்.

மிதவையை நிமிர்த்துவது வேறொரு நாள். காற்றடைத்த மிதவை கவிழ்ந்து விழுந்தால், வாயுக் குப்பி இருக்கிற பக்கத்தில் ஏறி நின்று, அடியில் இருக்கிற வாரைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். அது நம் மேலேயே விழும். விழுந்ததும் பதறக் கூடாது. அடித்தளம் மெத்தென்று இருப்பதால் கையால் மேலே தள்ளினால் கொஞ்சம் காற்று கிடைக்கும். மல்லாக்கக் கிடந்தபடி வாரைப் பிடித்து வெளியே நகர்ந்து வர வேண்டும். இருட்டில், தலைக்கு மேல் ரப்பர் அழுத்தும்போது, வெளியே எந்தப் பக்கம் என்று தெரியாது. வார் தெரியும். அதை விடாமல் வந்தால் போதும்.

மிதவைக்குள் ஆளுக்கு 1.5 லிட்டர் தண்ணீர்தான். முதல் 24 மணி நேரம், அடிபட்டவரைத் தவிர யாருக்கும் தண்ணீர் கிடையாது என்பது விதி. உடம்பில் இருக்கிற தண்ணீரே அன்றைக்குப் போதும், குடித்தால் அப்படியே சிறுநீராகப் போய்விடும் என்று சயா விளக்கினார். படகில் 3 லிட்டர். இந்த எண்கள் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

12 ஜூன், மதியம்

கயிறு வேலையை எப்படிப் பழகினீர்கள் என்று ஒரு பெண் பிள்ளை கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. அதற்குப் பயிற்சிக்கூடத்தைச் சொல்ல மாட்டேன், செராங் மாமாவைச் சொல்வேன்.

செராங் மாமா எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. தமிழ் முஸ்லிம், நாகூர்ப் பக்கம் பூர்வீகம். 15 வயதில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல் ஒன்றில் ஏறியவர். நான் போய் நின்றபோது அவருக்கு 73. ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னுவார். என் தாத்தாவும் அவரும் ஒரே சைக்கிளில் சினிமாவுக்குப் போனவர்கள். தாத்தா சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கூலி வேலை பார்த்தார். 1942இல் ஜப்பான்காரன் கையில் கிடைக்கக் கூடாது என்று வெள்ளைக்காரர்களே அந்த ஆலையைக் கொளுத்தினார்கள். அந்தப் புகையைக் கடலில் இருந்து பார்த்தேன் என்று செராங் மாமா சொல்வார்.

பயிற்சிக்கூடத்தில் முடிச்சுகளைப் பலகையில் ஒட்டி வைத்திருந்தார்கள். பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். எனக்குப் பரீட்சைக்கு வந்தது, கைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை செராங் மாமாவிடம் போனேன். அவர் முதலில் செய்தது, என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டியது.

இரண்டு பாகம் நீளத்துக்கு மூன்று புரிக் கயிறு. கையிரண்டையும் விரித்த அளவு ஒரு பாகம். மணிலாக் கயிறு, புதுசு, புல் வாசனை. நுனியைப் பிரித்து மூன்று புரியையும் விரித்துக் கையில் கொடுத்தார். "நடுப் புரி எது?" கண்ணைக் கட்டிவிட்டு நடுப் புரி எது என்று கேட்டால்? விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். மர ஊசியால் கயிற்றின் உடம்பைத் திறந்து, நடுப் புரியை உள்ளே விட வேண்டும். அடுத்ததை ஒன்றின் மேல், ஒன்றின் கீழ். பிறகு கயிற்றைத் திருப்பி மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் எல்லாரும் தப்புவார்கள், திசை மாறிப் போகும். நானும் அப்படித்தான் விட்டேன். அவர் பேசவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். இரண்டு புரி ஒரே துளையிலிருந்து வெளியே வந்திருந்தது. விரலுக்கு அது ஒரு கட்டி மாதிரி தெரிந்தது. பிரித்துப் போட்டேன். மூன்று புரியும் மூன்று துளையிலிருந்து வெளியே வந்தால் விரலுக்குச் சமமாக இருக்கும். மணிலாக்கு மூன்று சுற்று, நைலானுக்கு ஐந்து. நைலான் வழுக்கும்.

ஏன் கண்ணைக் கட்டினார் என்றால், ராத்திரி மழையில் கப்பலின் முன்பக்கம், அணியத்தில் நின்று கயிறு போடுகிறவனுக்குக் கண் உதவாது.

கயிற்றைச் சுருட்டுவதும் அப்படித்தான். வலப்புரியாக முறுக்கிய கயிற்றை வலமாகத்தான் சுருட்ட வேண்டும். மாற்றிச் சுருட்டினால் சிக்கு விழும். அந்தச் சிக்குக்குள் கால் போனால், கப்பல் இழுக்கும்போது கால் இருக்காது.

அப்புறம், எந்த வேலை தொடங்கும் முன்னாலும் அவர் இரண்டு வார்த்தை சொல்வார். "நில். எண்ணு." கயிற்றை இழுக்கும் முன்னால் எத்தனை பேர் இருக்கிறோம், யார் எங்கே நிற்கிறோம் என்று வாய்விட்டு எண்ண வேண்டும். திண்ணையில் நானும் அவரும் மட்டும்தான் இருப்போம். அப்போதும் எண்ணச் சொல்வார். "ஒன்று, இரண்டு." அப்புறம்தான் ஊசியைத் தொட விடுவார்.

13 ஜூன்

அறுந்த கயிறு எந்தப் பக்கம் வரும் என்று கேட்டவருக்கு: கயிறு எந்த நேர்க்கோட்டில் இழுபட்டதோ அந்தக் கோட்டிலேயே திரும்பி வரும். இடையில் உருளையில் வளைந்திருந்தால் அந்த வளைவையும் சேர்த்துப் பாருங்கள், வீச்சு பெரிது. நைலான் நிறைய நீளும், அதனால் அறுந்தால் சாட்டையைவிட வேகமாக வரும். வளையத்துக்குள் நிற்காதே, இழுபடும் கயிற்றைத் தாண்டாதே. மற்றது எல்லாம் அப்புறம்.

15 ஜூன்

கப்பல் வார்த்தைகள் பற்றிக் கொஞ்சம். நேற்று இரண்டு பேர் கேட்டார்கள், எனக்கும் பிடித்த விஷயம்.

செராங் மாமா கப்பியில் பாரம் தூக்கும்போது "ஆவீஸ்" என்பார், இறக்கும்போது "ஆரியா" என்பார். சென்னைத் துறைமுகத்திலும் இதே பேச்சு என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆரியா என்பது போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. அவர்கள் மொழியில் "அரியார்" என்றால் இறக்கு. செராங் என்பதே பாரசீகம், தலைவன் என்று அர்த்தம். சுக்கான் அரபி. நாம் கொடுத்ததும் உண்டு. தண்டல் என்று நாம் சொல்லும் ஆளைத்தான் வெள்ளைக்காரன் டிண்டல் என்று எழுதி வைத்தான். கட்டுமரம் உலகத்துக்கே போனது. ஆழம் அளக்கும் பாகம் நம்முடையது, இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்.

சுக்கான் பேச்சில் ஒரு கதை உண்டு. பழைய நாளில் "ஸ்டார்போர்ட்", அதாவது வலப்பக்கம், என்று கட்டளை வந்தால் சுக்கான் தடியை வலப்பக்கம் தள்ள வேண்டும், கப்பல் இடப்பக்கம் திரும்பும். 1933 ஜனவரியிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் அதை மாற்றினார்கள். சொல்லுகிற பக்கமே கப்பலும் திரும்ப வேண்டும் என்று. செராங் மாமா கப்பல் ஏறியது அந்த வருஷம். அவருக்குப் புதுப் பேச்சு சுலபமாக வந்துவிட்டது, 20 வருஷம் சுக்கான் பிடித்த பெரியவர்கள்தான் தூக்கத்திலும் அதை முணுமுணுத்துக்கொண்டு கிடந்தார்களாம். கற்றதை மாற்றிக் கற்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல இந்தக் கதையைத்தான் எடுப்பார்.

16 ஜூன்

புகை அறை. சுருக்கமாக.

இரும்பு அறைக்குள் ஈர வைக்கோலைக் கொளுத்திக் கதவைச் சாத்துவார்கள். முதுகில் காற்றுக் குப்பியோடு நாலு பேர் உள்ளே போக வேண்டும். சுவரைத் தடவிக்கொண்டே போக வேண்டும், ஆனால் உள்ளங்கையால் தடவக் கூடாது, புறங்கையால்தான். வழியில் மின்சாரம் பாய்கிற கம்பி இருந்தால் கை தசை சுருங்கும். உள்ளங்கை என்றால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் தானாக விலகும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்த வேண்டும், எடை பின்கால் மேலே இருக்க வேண்டும், முன்னால் தரை இல்லாமலும் இருக்கலாம். குப்பியில் காற்று குறைந்தால் விசில் அடிக்கும். விசில் கேட்டதும் அவன் ஒருவன் இல்லை, நாலு பேரும் வெளியே வந்துவிட வேண்டும்.

28 வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ராத்திரி கரண்ட் போனால் என் வீட்டுச் சுவரைப் புறங்கையால்தான் தடவுகிறேன்.

17 ஜூன்

நர்கிஸ் புயலைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு. 2008 மே 2 ராத்திரி நான் சிங்கப்பூருக்கு அருகே கப்பலில் இருந்தேன். ஒன்பது நாள் வீட்டுக்குப் போன் போகவில்லை. வந்து பார்த்தபோது கூரை இல்லை, அம்மா இருந்தார். என் தம்பி கூரைத் தகரத்தை விட்டுவிட்டு, அம்மாவை உட்கார வைத்த கட்டிலைத் தூணோடு கட்டியிருந்தான். போலைன் முடிச்சு. நான் லீவில் வந்தபோது விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது. அந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகாது, அவிழவும் அவிழாது. அதை நான் அவிழ்க்கவில்லை. அந்தக் கயிற்றுத் துண்டு என்னிடம் இருக்கிறது.

20 ஜூன், இரவு

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பையனைக் கப்பலுக்கு அனுப்பப்போகிறவர் கேட்டிருக்கிறார், எழுதத்தான் வேண்டும்.

1992 கடைசி, என் முதல் கப்பல். ரங்கூனில் வெட்டிய மரத்தடிகள் ஏற்றித் தூத்துக்குடிக்கு. ஆறு நாள் ஓட்டம். காக்கை எண்ணினானே அந்த மோல்மேன் பையன், அவனும் அதே கப்பலில் ஓஎஸ், அதாவது கடைநிலை மாலுமி. மோன் இனத்துப் பையன். எனக்குத் தாத்தா ஊரை முதல் தடவை பார்க்கப்போகிற சந்தோஷம். ராமநாதபுரம் தூரமில்லை, லீவு கொடுத்தால் கூட்டிப்போகிறேன், இட்லி என்றால் என்ன என்று அங்கே காட்டுகிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தோம். காலை. இரண்டாம் கிடங்கில் அடியில் தண்ணீர் இருக்கிறதா, பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். கிடங்கின் பெரிய மூடி ஆறு நாளாகத் திறக்கவில்லை. ஆள் இறங்குகிற சின்ன மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்து வந்தது தேக்கு வாசனை. நல்ல வாசனை, தச்சுப் பட்டறை மாதிரி.

அவன் இறங்கினான். எனக்குக் கயிறு எடுத்துவர மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வர இரண்டு நிமிஷம் இருக்கும். வந்து குனிந்தேன். கீழே, ஏணியின் முதல் தட்டில், அவன் டார்ச் எரிந்துகொண்டு கிடந்தது. அதன் வெளிச்சத்தில் அவன் செருப்புப் போட்ட கால் தெரிந்தது. கூப்பிட்டேன். கால் அசையவில்லை.

என் வலது கால் விளிம்பைத் தாண்டி ஏணியின் முதல் படியில் இருந்தது. வைத்தது எனக்கே தெரியாது. ஏன் நின்றேன் என்று கேட்டால் ஒன்றுதான் சொல்ல முடியும். வாய் தானாக எண்ணியது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நான் இறங்கினால் உள்ளே இரண்டு, வெளியே யாரும் இல்லை. காலை எடுத்தேன். ஓடினேன். கத்தினேன், மணி அடித்தேன். தள ஆட்களின் தலைவர் போசன் காற்றுக் குப்பியோடு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கி அவனை மேலே கொண்டுவர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. உயிர் இல்லை.

பச்சை மரத்தடி மூடிய கிடங்கில் காற்றிலிருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளியே 20.9 சதவீதம் இருப்பது உள்ளே 10க்குக் கீழே இறங்கினால் ஆள் மயங்கி விழுவான். இன்னும் குறைந்தால் இரண்டு மூச்சுதான். கிடங்கை ஒட்டிய ஏணிக் குழாயிலும் அப்படியே. புகை இல்லை, நாற்றம் இல்லை, மூக்குக்கு எதுவும் தெரியாது. ஒருவனைக் காப்பாற்ற இறங்குகிறவனும் அவன் பக்கத்திலேயே விழுவதுதான் இதில் வழக்கமாக நடப்பது.

தூத்துக்குடியை அப்படித்தான் முதலில் பார்த்தேன்.

21 ஜூன்

எழுதியவர்களுக்கு நன்றி. இன்றைக்கு வேறு எதுவும் எழுதவில்லை.

23 ஜூன்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "பயிற்சிதான் உங்களைக் காப்பாற்றியது." இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது சரி இல்லை என்று தோன்றுகிறது.

அவனுக்கும் அதே பயிற்சிதான். என்னோடு புகை அறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவன் அவன். மூன்று மாதத்தில் மரத்தடியைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரம் ஏற்றுமதி செய்கிற நாட்டில்! தீயைப் பார், புகையைப் பார் என்று சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. அந்தக் கப்பலில் ஆக்சிஜன் அளக்கிற மீட்டரும் இல்லை. நான் கயிறு எடுக்கப் போகாமல் இருந்திருந்தால் நானும் அவன் பின்னாலேயே இறங்கியிருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. போய்ப் பார் என்று சொன்னதும் இருவருமே போனோம். "மூடி ஆறு நாள் திறக்கவில்லை, காற்று பார்க்காமல் இறங்க மாட்டோம்" என்று சொல்ல எங்களுக்குத் தெரியாது. புதுப் பையனுக்கு வாய் வராது. உத்தரவுக்குக் கீழ்ப்படிவதைத்தான் மூன்று மாதமும் பழக்கினார்கள். நியாயமான இடத்தில் மறுப்பதைப் பழக்கவில்லை. அதைப் பழக்க முடியும். வரிசையில் நிறுத்தி, மூடியைக் காட்டி, இறங்கு என்று சொல்லி, "மீட்டர் எங்கே சயா?" என்று கேட்கிறவனுக்கு மதிப்பெண் போட்டால் பழகிவிடும்.

ஆகவே 9ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பயிற்சி தேவை. ஆனால் எந்தப் பயிற்சி என்று கேளுங்கள்.

24 ஜூன்

மேலே சொன்னதற்கு நடைமுறை விவரம். 2015 ஜனவரி 1 முதல் எல்லாக் கப்பலிலும் இப்படி மூடிய இடத்தில் இறங்குவது, மயங்கியவரை மேலே எடுப்பது இரண்டையும் 2 மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். 2016 ஜூலை முதல் காற்றை அளக்கும் மீட்டர் கப்பலில் இருந்தே ஆக வேண்டும். பயிற்சிக்கூடத்துக்குப் பணம் கட்டும் முன்னால் மருமகனைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். மீட்டர் இருக்கிறதா, பையன்கள் கையில் கொடுக்கிறார்களா, பொம்மை ஆளைச் சின்ன மூடி வழியாக மேலே இழுக்கிற பயிற்சி உண்டா என்று கேளுங்கள். குளம் இருக்கிறதா, அதில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மிதவை பெட்டிக்குள்ளேயே கிடந்தால் வேறு இடம் தேடுங்கள்.

26 ஜூன்

அடையாள அட்டை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பர்மாவில் இருக்கிற நம் தமிழ் ஆட்களுக்கு இது பெரிய தலைவலி. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், குடியுரிமை பெற்றவருக்குப் பச்சை. தாத்தா எப்போது வந்தார், அப்பா எங்கே பிறந்தார் என்று தாள் தாளாகக் கேட்பார்கள். எனக்கு ஒரு அலுவலகத்தில் ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு தடவையும் வேறொரு தாள் கேட்டார்கள். அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அந்த ஏழு மாதத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பையனின் அட்டையில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்னாலேயே திருத்துங்கள். சிடிசி, பாஸ்போர்ட் இரண்டும் அதிலிருந்துதான் வரும்.

தரகர்கள். கப்பல் வேலை வாங்கித் தருவதற்குக் கப்பலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 2006இல் செய்த கடல்தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது, 2013 ஆகஸ்டிலிருந்து அது அமலில் இருக்கிறது. ஆனாலும் கேட்பார்கள். என்னிடமும் ஒருவர் வாங்கினார், அம்மாவின் இரண்டு வளையல். கொடுக்காதீர்கள் என்று சொல்வது சுலபம். குறைந்தது ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள், நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள்.

1 ஜூலை

சம்பளம் கேட்டவருக்கு: ஏபிக்கு, அதாவது தேர்ந்த மாலுமிக்கு, உலகத் தொழிலாளர் அமைப்பு வைத்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2019 ஜூலை கணக்கில் மாதம் 618 டாலர். 2020 ஜனவரிக்கு 625 என்று வைத்தார்கள். ஓவர்டைம் தனி. பையன் முதலில் ஓஎஸ்தான், அவனுக்கு இதைவிடக் குறைவு. ஒப்பந்தத்தில் அடிப்படை எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

2 ஜூலை

கிடங்கில் நடந்ததைக் கேட்டுச் செராங் மாமா என்ன சொன்னார் என்று அந்தப் பெண் பிள்ளை கேட்டாள். அதை விட்டுவிட்டேன்.

1993இல் லீவில் வந்து நேரே திண்ணைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். எண்ணியதையும் சொன்னேன். "நீங்கள் சொல்லிக்கொடுத்ததால் நான் இருக்கிறேன் மாமா" என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "அந்தப் பையன் பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். சரியாக வாயில் வரும்வரை மூன்று தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு கையை ஏந்தி அவனுக்காக துவா கேட்டார். முடிந்ததும் பின்னிக்கொண்டிருந்த வலையின் ஒரு ஓரத்தை என் பக்கம் தள்ளினார். இருட்டும்வரை இரண்டு பேரும் பின்னினோம்.

அவர் 1996இல் போய்விட்டார். நான் அப்போது கடலில்.

7 ஜூலை

தட்டோன் தம்பி மருமகனை இன்றைக்கு என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மழையில் நனைந்துகொண்டே வந்தார்கள். நல்ல பையன், கை நீளம், அதிகம் பேசவில்லை. கடையில் மணிலா இல்லை, இப்போது யார் வாங்குகிறார்கள்? மூன்று புரி நைலானில் இரண்டு பாகம் வெட்டிக் கொடுத்தேன். துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டினேன்.

"எத்தனை பேர் இருக்கிறோம்?" என்றேன்.

"மூன்று பேர் மாமா."

"எண்ணு."

எண்ணினான். அந்த நேரம் பெயின்ட் வாங்க ஒருவர் உள்ளே வந்தார். பையன் காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பி, "நாலு" என்றான்.

மூன்றாவது புரியில் தப்பினான். பிரித்துப் போட்டான். இரண்டாவது தடவையும் தப்பினான். விரலை எடுத்து அந்தக் கட்டியின் மேல் வைத்தேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. நைலானுக்கு ஐந்து சுற்று, இரண்டுதான் முடிந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கயிற்றை அவனிடமே கொடுத்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு மிச்சம் மூன்று சுற்றுக்கு வருகிறான்.